டிக்கெட், சந்தா, லாட்டரி: பூங்காவுக்கும் நூலகத்துக்கும் சிங்கப்பூர் பணம் தேடிய கதை

கேலாங்வாசிகள் மாலையில் காற்று வாங்கப் போன பெரிய 'பார்க்'கின் வாசலில் டிக்கெட் கவுண்ட்டர் இருந்தது. 1930-களின் நடுவில் ஜார்ஜ் லீ கியோக் எங் என்ற வணிகர் கேலாங் சாலைக்கும் மவுண்ட்பேட்டன் சாலைக்கும் இடையில் எழுப்பிய ஹேப்பி வேர்ல்டு அது. சினிமாக் கொட்டகை, கேபரே, ஜோகெட் ஆட்ட மேடை, குத்துச்சண்டை, கூரை போட்ட விளையாட்டரங்கம் என்று எல்லாமே உள்ளே இருந்தன. 1952-ஆம் ஆண்டின் தாமஸ் கிண்ணப் பூப்பந்துப் போட்டி நடந்ததும் அந்த அரங்கில்தான். 1960-களில் கே வேர்ல்டு என்று பெயர் மாறியது. தொலைக்காட்சி வந்தது, கூட்டம் குறைந்தது; 2000-ஐ ஒட்டி எல்லாவற்றையும் இடித்துவிட்டார்கள்.

காசில்லாமல் மரத்தடியில் உட்காரவும், காசில்லாமல் ஒரு புத்தகத்தை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகவும் நகரத்தில் இடம் வேண்டும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. ஆனால் அந்தக் காசை யாராவது ஒருவர் கட்டித்தான் ஆகவேண்டும். சிங்கப்பூரில் 180 ஆண்டுகளாக அது கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் சந்தாக்காரர்கள் கட்டினார்கள். பிறகு சீனச் செல்வந்தர்கள், நகராட்சி, லாட்டரிச் சீட்டு வாங்கியவர்கள், நிலம் இழந்தவர்கள், அரசு வரவு செலவுத் திட்டம், அறக்கட்டளைகள். கொடுத்தவர் மாறியபோதெல்லாம், உள்ளே வரலாம் என்று அழைக்கப்பட்டவர்களும் மாறினார்கள். இந்த மாற்றத்தைப் பார்க்கக் கேலாங் நல்ல இடம். தொடக்கத்தில் இலவசமாக அதிகம் கிடைக்காத பேட்டை அது.

சந்தாக்காரர்களின் காலம்

1845 ஜனவரியில் சிங்கப்பூர் நூலகம் திறந்தபோது அது ராஃபிள்ஸ் கல்விக்கூடக் கட்டடத்தில் இயங்கிய ஒரு தனியார் ஏற்பாடு. பங்கு வாங்கியவர்களும் சந்தா கட்டியவர்களும்தான் புத்தகம் எடுக்கலாம். 14 ஆண்டுகள் கழித்து, 1859-ல், விவசாயத் தோட்டக்கலைச் சங்கம் என்ற இன்னொரு சந்தாக்காரர் கூட்டம் தங்லின் பகுதியில் ஒரு தோட்டத்தைத் தொடங்கியது. அதற்கான நிலம், 'வாம்போவா' என்று ஊர் அழைத்த ஹூ ஆ கேயோடு நடந்த நிலப் பரிமாற்றத்தில் கிடைத்தது. இன்று நாம் பூமலை என்று அழைக்கும் தாவரவியல் தோட்டம் அதுதான். உறுப்பினர்கள் குடும்பத்தோடு வந்து உலாவினார்கள், பேண்டு வாத்தியம் கேட்டார்கள், மலர்க் கண்காட்சி நடத்தினார்கள். தோட்டக் கண்காணிப்பாளருக்கு ஒரு வீடு கட்டப்போய்ச் சங்கம் கடனில் மாட்டியது.

நூலகத்தின் கணக்கும் நன்றாக இல்லை. சந்தா ஒழுங்காக வரவில்லை, புத்தகங்கள் பழசாகின. 1874-ல் நூலகத்தைக் காலனி அரசு ஏற்று, அருங்காட்சியகத்தோடு சேர்த்து, ராஃபிள்ஸ் நூலகம் என்று பெயரிட்டது. தோட்டச் சங்கமும் அதே ஆண்டில் அரசிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. ஒரு துறைமுக நகரத்தின் வெள்ளைக்கார வணிகர்கள் தங்கள் மாலைப் பொழுதுக்காகத் தொடங்கிய இரண்டு அமைப்புகள், ஒரே வகைப் பணமுடையால் ஒரே காலத்தில் பொதுச் சொத்தாயின.

பொதுச் சொத்து என்றாலும் எல்லார்க்கும் ஒரே மாதிரி இல்லை. தோட்டத்தில் நடக்கக் கட்டணம் கிடையாது. நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம். ஆனால் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகச் சந்தா கட்டவேண்டும், அது வகுப்பு வகுப்பாகப் பிரிந்திருந்தது. இரவல் அலமாரிகளில் ஆங்கிலமே பெருமளவு. 1872-லேயே 'முனாஜாத்துத் திரட்டு' என்ற தமிழ் நூல் அச்சான ஊர் இது. 1887-ல் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' வார இதழைத் தொடங்கி நடத்திய ஊர் இது. அந்த வாசகர்களுக்கு ராஃபிள்ஸ் நூலகம் கட்டப்படவில்லை.

சந்தாக்காரர்கள் விட்ட இடத்தைச் செல்வந்தர்கள் சிலர் நிரப்பினார்கள். நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவர டான் கிம் செங் 1857-ல் 13,000 வெள்ளி கொடுத்தார். 1876-ல் சியாங் ஹோங் லிம் காவல் நிலையத்துக்கு எதிரே இருந்த திடலைப் பொதுத் தோட்டமாக்க 3,000 வெள்ளி கொடுத்தார். பேச்சாளர் சதுக்கம் இருக்கும் இன்றைய ஹோங் லிம் பூங்கா அதுதான். பெயர் நிலைக்கும், ஊருக்கும் நிழல் கிடைக்கும் என்ற இரட்டைக் கணக்கு அந்தக் கொடைகளில் இருந்தது.

லோரோங்கில் காற்று எங்கே?

இந்தக் கொடைகள் எல்லாம் நகர மையத்தில் நின்றுவிட்டன. கேலாங் அப்போது ஊருக்கு வெளியே. 1840-களில் சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் வாழ்ந்த மலாய்க் குடும்பங்கள் கிழக்கே அனுப்பப்பட்டு இங்கே வந்தார்கள். அல்சகோஃப் குடும்பத்தின் 'பெர்சிவரன்ஸ்' தோட்டத்தில் எலுமிச்சைப்புல் விளைந்தது. கேலாங் சிராய் என்ற பெயர் அந்தப் புல்லால் வந்தது. 1905-ல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியதும் கதை மாறியது. டிராம் பாதையின் இருமருங்கிலும் லோரோங் என்ற குறுக்குத் தெருக்கள் முளைத்தன. ஒற்றைப்படை எண் லோரோங்குகள் வடக்கே சிம்ஸ் அவென்யூ பக்கம். இரட்டைப்படை எண் லோரோங்குகள் தெற்கே கில்மர்ட் சாலைப் பக்கம். சாலையோரம் கடைவீடுகள், உள்ளே வாடகை அறைகள். வாடகை வராத ஓர் அடி நிலத்தைக்கூட எந்த மனைக்காரரும் சும்மா விடவில்லை.

நகராட்சிக்கு வருமானம் வீட்டு மதிப்பீட்டு வரியில் வந்தது. அதில் குழாய், சாக்கடை, சாலை, விளக்கு போக மிச்சம்தான் தோட்டத்துக்கு. 1907-ல் டாக்டர் டபிள்யூ. ஜே. சிம்ப்சன் நகரின் சுகாதாரம் பற்றிக் கொடுத்த அறிக்கை, முதுகோடு முதுகு ஒட்டிய கடைவீடுகளுக்கு நடுவே சந்து வெட்டி வெளிச்சமும் காற்றும் விடச் சொன்னது. அந்தப் பின்சந்துகளை வெட்டுவது 1927-ல் அமைந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளையின் முக்கிய வேலைகளில் ஒன்றானது. காசநோய்க்குப் பயந்த நகரம் திறந்தவெளியை முதலில் மருந்தாகத்தான் எண்ணியது.

இதே நேரத்தில் லிட்டில் இந்தியாவின் ஓரத்தில் ஒரு பெரிய வெளி தானாகக் கிடைத்தது. 1843 முதல் குதிரைப் பந்தயம் ஓடிய திடல், 1933-ல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போனதால் காலியானது. நகராட்சித் தலைவராக இருந்த ரோலண்ட் ஃபேரரின் பெயரில் ஃபேரர் பார்க் ஆனது. 1911-ல் சிங்கப்பூரில் முதல் விமானம் எழும்பியதும் அந்தத் திடலில்தான். 1942 பிப்ரவரி 17-ல் சரணடைந்த இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியர் தனியே கூட்டி நிறுத்தியதும் அங்கேதான். போருக்குப் பிறகு அது கால்பந்து ஆடவும் அரசியல் கூட்டம் போடவும் ஆன இடம். புதிய பூங்கா என்றால் பழைய ஏதோ ஒன்று இடம்பெயர வேண்டும் என்ற சிங்கப்பூர் வழக்கம் இங்கே தொடங்கிவிட்டது.

பால்மரமும் புத்தக அலமாரியும்

சந்தாக்காரர்களின் தோட்டத்துக்கு 1877-ல் பால்மரக் (ரப்பர்) கன்றுகள் 22 வந்தன. 1888-ல் தோட்டத் தலைவராக வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் நாள்தோறும் பட்டையில் கீறிப் பால் எடுக்கும் முறையை அங்கே செம்மைப்படுத்தினார். தோட்டக்காரர்கள் பையில் விதையைத் திணித்துவிடுவதால் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்றே பெயர் விழுந்தது. கார்கள் ஓடத் தொடங்கியதும் பைத்தியம் தெளிந்தது. மலாயா முழுக்க ரப்பர்த் தோட்டம். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்.

அந்த ரப்பரில் செல்வம் சேர்த்தவர்களில் ஒருவர் லீ கோங் சியான். சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில் பிறந்து, வணிகர் டான் கா கீயிடம் வேலை பார்த்து, அவருக்கே மருமகனாகி, ரப்பரிலும் அன்னாசியிலும் பெரும் வணிகரானவர். 1952-ல் லீ அறக்கட்டளையை நிறுவினார். மறு ஆண்டு, புதிய பொது நூலகம் கட்ட 375,000 வெள்ளி தருகிறேன் என்று அரசிடம் சொன்னார். கூடவே நிபந்தனைகள்: நூலகம் இலவசமாக இருக்கவேண்டும், ஆங்கிலம் மட்டுமல்லாமல் ஊர் மக்களின் மொழிகளிலும் புத்தகம் வைக்கவேண்டும்.

இந்த நிபந்தனைகளின் எடையை ஆண்ட்ரு கார்னகியோடு ஒப்பிட்டால் தெரியும். அமெரிக்க எஃகு வணிகரான அவர் உலகெங்கும் 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்களுக்குக் கட்டடப் பணம் கொடுத்தவர். ஊர் நிலம் தரவேண்டும், கட்டடச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்கவேண்டும் என்று கேட்டார். நூலகம் பட்டினி கிடக்கக் கூடாது என்பது அவர் கவலை. லீயின் கவலை, வாசலில் யாரைத் தடுப்பார்கள் என்பது. கட்டடத்தின் மீதிச் செலவை அரசுதான் போட்டது. ஆனால் கொள்கையை நன்கொடை தீர்மானித்தது.

1957 ஆகஸ்ட் 16-ல் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் லீயே அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் புதிய நூலகச் சட்டம் நடப்புக்கு வந்தது. 1960 நவம்பர் 12-ல், நாட்டுத் தலைவரான யாங் டி பெர்த்துவான் நெகாரா யூசோஃப் இஷாக் திறந்துவைத்த செங்கல் கட்டடம் ஊருக்கு நாலு மொழி நூலகமானது. அந்த ஆண்டு ஹெட்விக் அனுவார் இயக்குநர் பொறுப்பேற்றார். பிறகு 1965 முதல் 1988 வரை அவர்தான் தேசிய நூலகத்தை நடத்தினார். ரப்பர்ப் பணம் வந்த வழியைப் பின்னோக்கிப் பார்த்தால், தமிழ் அலமாரிக்கான முதல் தவணையில் பால்மரம் வெட்டிய தமிழரின் உழைப்பும் கலந்திருக்கிறது.

அதே ஆண்டுகளில் தமிழர்களும் ஒரு நூலகத்துக்காகப் பை தூக்கினார்கள். அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை வரப்போகிறது, அதில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்குமா என்ற வாதம் எழுந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி எழுத்தோடு நிற்கவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் தொடங்கி, பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் வாங்க ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். துறைமுகக் கூலிகள், கடை ஊழியர்கள், தோட்டத் தொழிலாளர்கள் கொடுத்தார்கள். துறை 1956-ல் தொடங்கியது. பின்னர் பல்கலைக்கழகத்தோடு கோலாலம்பூருக்குப் போனது. பணக்காரர் ஒருவர் பெருந்தொகை கொடுத்து நிபந்தனை போடலாம். ஒரு வெள்ளிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் அவர்களும் நிபந்தனை போடலாம் என்று சாரங்கபாணி காட்டினார்.

தமிழ்நாடு மூன்றாவது வழியில் போயிருந்தது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் நீண்ட முயற்சிக்குப் பிறகு, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சொத்துவரியோடு நூலக வரியையும் சேர்த்து வாங்கும் ஏற்பாடு அது. இன்று வரி ஒரு ரூபாய்க்கு 10 காசு. வீடு உள்ளவர் ஒவ்வொருவரும் தெரிந்தோ தெரியாமலோ ஊர் நூலகத்துக்குப் பணம் கட்டுகிறார். சட்டம் வலுவானது. ஆனால் மாநகராட்சிகள் வசூலித்த வரியை நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்பாமல் கோடிக்கணக்கில் பாக்கி வைப்பது நெடுநாள் புகார். சிங்கப்பூரில் நூலகத்துக்கென்று தனி வரி கிடையாது. ஆண்டுதோறும் அரசு வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கும் தொகைதான். அங்கே சட்டம் காக்கிறது, வசூல் கவிழ்க்கிறது. இங்கே அரசின் மனம் மாறாதவரை கவலை இல்லை.

ஓடுபாதை, சீட்டு, மரக்கன்று

கேலாங்குக்குத் திறந்தவெளி வந்தது வானத்திலிருந்து என்று சொன்னாலும் பொருந்தும். 1937 ஜூனில் திறந்த காலாங் விமான நிலையம், பெரிய விமானங்களுக்குப் போதாமல் 1955-ல் மூடப்பட்டது. கேலாங்குக்கு எட்டும் தொலைவில் ஒரு விமானத் திடல் காலி. பழைய முனையக் கட்டடம் 1960-ல் அமைந்த மக்கள் கழகத்தின் தலைமையகம் ஆனது. ஓடுபாதைப் பக்கம் பூங்காவும் விளையாட்டுத் திடலும் வந்தன. ஒரு பகுதியில் மேம்பாட்டு அறக்கட்டளை வீடு கட்டியது. 1958-ல் எழுந்த டகோட்டா கிரசென்ட் குடியிருப்பின் பெயர் அங்கே வந்திறங்கிய டகோட்டா விமானத்துடையது.

அந்தத் திடலில் தேசிய விளையாட்டரங்கம் கட்டப் புதிய நாட்டிடம் போதிய பணம் இல்லை. 1968 மே மாதத்தில் அரசு சிங்கப்பூர் பூல்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. கள்ளத்தனமாக நடந்த சூதாட்டத்தை அடக்குவது ஒரு நோக்கம். டோட்டோ, சிங்கப்பூர் ஸ்வீப் சீட்டு விற்று வரும் லாபத்தைப் பொதுக் காரியத்துக்குத் திருப்புவது இன்னொன்று. 1973 ஜூலை 21-ல் திறந்த அரங்கத்தின் செலவில் ஒரு பங்கை அந்தச் சீட்டுகள் கொடுத்தன. கோப்பிக்கடையில் ஒரு வெள்ளிக்கு அதிர்ஷ்டம் வாங்கி ஏமாந்தவர், பந்தாட்டம் பார்க்கப் போகும்போது தன் காசிலேயே உட்கார்ந்தார்.

பூங்காக்களின் கதையில் லாட்டரியைவிடப் பெரிய வரவு ஒன்று உண்டு. அது எந்த நன்கொடைப் பலகையிலும் இல்லை. 1963 ஜூன் 16-ல் பிரதமர் லீ குவான் யூ ஃபேரர் சர்க்கஸில் ஒரு மெம்பாட் மரக்கன்று நட்டு மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். 1967 மே மாதம் 'தோட்ட நகரம்' திட்டம் அறிவிக்கப்பட்டது. மரக்கன்றுக்கு ஆகும் செலவு சிறிது. நகரத்தில் நிலத்தின் விலைதான் தலையைச் சுற்றவைக்கும். அந்தச் செலவை 1966-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் சுருக்கியது. பொதுத் தேவைக்கு என்று அரசு நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். 1973-ல் வந்த திருத்தம், இழப்பீட்டை அந்த ஆண்டு நவம்பர் 30-ல் இருந்த சந்தை விலைக்குள் நிறுத்தியது. பின்னால் விலை எத்தனை மடங்கு ஏறினாலும் நெடுங்காலம் அந்த உச்சவரம்பு அசையவில்லை. இன்றைய பல பூங்காக்களுக்கு நிலம் தந்தவர்கள் கம்போங்கில் இருந்த மனைக்காரர்கள். அவர்கள் மனமுவந்து தரவில்லை.

இங்கிலாந்தின் பெர்க்கன்ஹெட் நகரம் 1847-ல் திறந்த பூங்காவுக்கு வேறு தந்திரம் செய்திருந்தது. ஊர்ப் பணத்தில் நிலம் வாங்கி, நடுவில் பூங்கா வைத்து, சுற்றியிருந்த மனைகளைப் பூங்காவைப் பார்க்கும் வீட்டுமனை என்று விற்றுச் செலவை ஈடுகட்டியது. சிங்கப்பூர் அதே கணக்கை ஊர் அளவுக்குப் பெரிதாக்கியது. 1975-ல் வந்த பூங்கா, மரங்கள் சட்டம், சாலையோரத்திலும் கார் நிறுத்துமிடத்திலும் மரம் வைக்க இடம் விடச் சொன்னது. அந்தச் செலவைக் கட்டட நிறுவனங்கள் தாங்கின. கடைசியில் வீடு வாங்குபவர் தலையில் விழுந்தது.

கேலாங் லோரோங்குகளில் இந்த இயந்திரம் அவ்வளவாக ஓடவில்லை. மனைகள் சிறியவை, உரிமையாளர்கள் பலர், கடைவீடுகளில் பல 1990-களில் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாயின. இடித்து வெளியாக்கும் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே பச்சை லோரோங்குகளைச் சுற்றி வந்தது. கிழக்கிலும் தெற்கிலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளுக்கு நடுவே புல்தரை, விளையாட்டுத் திடல், நடைபாதை.

டகோட்டா கிரசென்ட்டில் உள்ள புறாவைப் பார்த்தால் அந்தக் காலத்துச் சிக்கனம் புரியும். 1970-களின் கடைசியில் வீவக வடிவமைப்பாளர் கோர் ஈன் கீ வரைந்த விளையாட்டிடங்களில் ஒன்று அது. தோ பாயோவின் டிராகன் அதற்கு உறவுமுறை. கான்கிரீட்டில் வார்த்த புறா, மேலே சின்னச் சின்ன ஓட்டுச்சில்லுகள், உள்ளே சறுக்குமரம், ஊஞ்சலுக்குப் பதில் கார் டயர், கீழே மணல். வெளிநாட்டிலிருந்து வாங்கிய உபகரணம் எதுவும் இல்லை. டயரோ தேய்ந்து கழித்தது. மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஆடிய பிள்ளைகள் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள். சுற்றியிருந்த குடும்பங்கள் வேறிடம் போனபோது, புறாவையும் சில கட்டடங்களையும் காக்கவேண்டும் என்று கேட்டது குடியிருந்தவர்களும் ஆர்வலர்களும்தான்.

ஆறு தனிக் கதை. 1977-ல் லீ குவான் யூ பத்தாண்டு கெடு வைத்து சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் தூய்மைப்படுத்தச் சொன்னார். காலாங் படுகையில் கலந்த ஆறுகளில் கேலாங் ஆறும் ஒன்று. 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் காலாங் படுகையிலிருந்து அகற்றப்பட்டன. படகுத் துறைகளும் தெருவோரக் கடைகளும் இடம் மாறின. மறுகுடியேற்றச் செலவைச் சேர்க்காமல் ஏறத்தாழ 170 மில்லியன் வெள்ளி ஆனது. 1987-ல் வேலை முடிந்தபோது சாக்கடை நாற்றம் போய்க் கரையில் மணல் கொட்டியிருந்தார்கள். பின்னர் காலாங் ஆற்றோரப் பூங்கா வந்தது. 1990-களின் தொடக்கத்தில் பூங்காக்களைக் கால்வாயோரமாக இணைக்கும் பாதைத் திட்டம் தொடங்கியபோது, முதல் பாதைகளில் ஒன்று பீஷானிலிருந்து காலாங் வரை வந்தது. கால்வாய்க்கென்று ஒதுக்கிய ஓரநிலம் அரசிடம் ஏற்கெனவே இருந்தது. புதிதாக நிலம் வாங்கவேண்டியதில்லை. 2006-ல் பொதுப் பயனீட்டுக் கழகம் தொடங்கிய நீர்நிலைத் திட்டத்தின்கீழ் கேலாங் ஆற்றின் கான்கிரீட் கரைகளிலும் செடி ஏறியது.

நூலகம் பேட்டைக்கு வந்தது

ஸ்டாம்ஃபர்ட் சாலை நூலகம் இலவசம்தான். ஆனால் கேலாங்கிலிருந்து அங்கே போகப் பேருந்துக் காசு வேண்டும், ஒரு மாலைப் பொழுதும் வேண்டும். இதைத் தேசிய நூலகம் அறிந்திருந்தது. 1960-லேயே நடமாடும் நூலக வேன்கள் ஓடத் தொடங்கின. பள்ளி வாசலிலும் கம்போங் சந்திப்பிலும் வேன் நிற்கும். பிள்ளைகள் வரிசையில் ஏறி, மறுபக்கம் புத்தகத்தோடு இறங்குவார்கள். கிளை நூலகங்கள் பெருகியதால் 1991-ல் அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. 2008-ல் 'மோலி' என்ற பேருந்து வடிவில் திரும்பி வந்தது.

முழுநேரக் கிளைகளில் முதலாவது 1970-ல் குவீன்ஸ்டவுனில் திறந்தது. பிறகு தோ பாயோ 1974, மரின் பரேட் 1978, புக்கிட் மேரா 1982, அங் மோ கியோவும் பிடோக்கும் 1985. வரிசையைப் பார்த்தாலே கணக்கு தெரியும்: வீவக எங்கே புதிய நகரம் கட்டியதோ அங்கே நூலகம் போனது. புதிய நகரத்தின் வரைபடத்தில் சந்தை, பள்ளி, மருந்தகம் போல நூலகத்துக்கும் ஓர் இடம் இருந்தது. பழைய பேட்டையான கேலாங் அந்த வரைபடத்துக்கு வெளியே இருந்தது. அதன் கிழக்கு ஓரத்தில் வீவக புளோக்குகள் எழுந்த பிறகு, 1988-ல், அல்ஜூனிட் பக்கம் கேலாங் ஈஸ்ட் நூலகம் திறந்தது.

அதற்கு அருகிலேயே ஐந்து ஆண்டு கழித்து இன்னொரு பொது இடம் வந்து சேர்ந்தது. ஆர்ச்சர்ட் சாலையில் இருந்த ஸ்ரீ சிவன் கோயில், டோபி காட் ரயில் நிலையம் கட்ட நிலம் வேண்டியிருந்ததால் இடம்பெயர்ந்து, சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் தங்கி, 1993-ல் கேலாங் ஈஸ்ட்டில் குடமுழுக்குக் கண்டது. நகரத் திட்டம் ஓரிடத்தில் எடுத்ததை இன்னோரிடத்தில் வைக்கும். பிரதோஷத்துக்கு வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு நூலகம் நடக்கிற தூரம்.

1992-ல் அமைந்த ஒரு குழு, டான் சின் நாம் தலைமையில், 'நூலகம் 2000' என்ற அறிக்கையை 1994-ல் கொடுத்தது. அதன்படி 1995 செப்டம்பரில் தேசிய நூலக வாரியம் பிறந்தது. அதற்குப் பிறகு நூலகம் தானே மக்களைத் தேடிப் போனது. வீவக கீழ்த்தளத்தில் சிறுவர் நூலகம், கடைத்தொகுதியில் நூலகம், 1999-ல் ஆர்ச்சர்ட் சாலை நீ ஆன் சிட்டியிலேயே நூலகம். 1998-ல் புக்கிட் பாத்தோக்கில் சோதித்துப் பார்த்த வானலைச் சில்லு (RFID), புத்தகத்தைத் தட்டில் வைத்தாலே இரவல் பதிவாகும்படி செய்தது. முத்திரை குத்த உட்கார்ந்திருந்த ஊழியர் வாசகரோடு பேசப் போனார். கடைத்தொகுதிக்கு வாடகை கட்டுவது நிலம் வாங்கிக் கட்டுவதைவிட வேகமான வழி. ஆனால் வாடகை வீட்டுக்காரரின் நிலைதான் நூலகத்துக்கும்: நீ ஆன் சிட்டி நூலகம் 2007-ல் மூடப்பட்டு, 2014-ல்தான் அருகிலுள்ள வேறு தொகுதியில் திறந்தது.

சொந்தக் கட்டடமும் நிரந்தரமில்லை. ஃபோர்ட் கேனிங் சுரங்கச் சாலைக்காக ஸ்டாம்ஃபர்ட் சாலைச் செங்கல் நூலகம் 2004-ல் இடிக்கப்பட்டது. அதைக் காக்கவேண்டும் என்று குடிமக்கள் நாளிதழ்களுக்கு எழுதியது சிங்கப்பூரில் அரிதாகக் கேட்ட கூட்டுக் குரல். அதற்கு முந்தைய ஆண்டே லீ அறக்கட்டளை நூலக வாரியத்துக்கு 60 மில்லியன் வெள்ளி கொடுத்திருந்தது. 2005-ல் விக்டோரியா ஸ்திரீட்டில் திறந்த புதிய கட்டடத்தின் மேல்தளங்களில் லீ கோங் சியான் ஆய்வு நூலகம் இருக்கிறது. லீ போட்ட நிபந்தனைப்படி அங்கே தமிழ், சீனம், மலாய், ஆங்கிலம் நான்குக்கும் அலமாரி உண்டு.

பணமாக இல்லாத கொடை

அண்மைக் காலத்தில் கொடையின் வடிவம் மாறிவருகிறது. 2002-ல் தொடங்கிய தோட்ட நகர நிதி வழியாக, ஒரு மரக்கன்றுக்கான தொகையைக் கட்டி அதைத் தானே நடலாம்; நிறுவனங்களும் திருமணத் தம்பதிகளும் அதைச் செய்கிறார்கள். நூலகத்துக்கு உழைப்பாகக் கிடைத்த பெரிய கொடைகளில் ஒன்று தமிழருடையது. நாட்டின் பொன்விழா ஆண்டான 2015-ல், அருண் மகிழ்நன் தலைமையிலான தமிழ் மின்மரபுடைமைக் குழுவும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து, 1965 முதல் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவத்தில் வெளியிட்டன. எழுத்தாளர்களிடம் அனுமதி வாங்குவது, பழைய பிரதிகளைத் தேடுவது, கணினி தப்பாகப் படித்த எழுத்தை வரி வரியாகத் திருத்துவது எல்லாம் தொண்டூழியர்கள் செய்தார்கள். ளகரத்தையும் ணகரத்தையும் இரவு உட்கார்ந்து சரிபார்த்தவர்களின் நேரத்துக்கு வரவு செலவுக் கணக்கில் தலைப்பு கிடையாது.

லோரோங்குகளின் இட நெருக்கடி அப்படியே இருக்கிறது. அறைகளில் வெளிநாட்டு ஊழியர்கள் பலர் தங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் தேக்காவின் புல்வெளிகள் நிரம்புவதற்கு அவர்கள் அறையில் உட்கார இடமில்லாததும் ஒரு காரணம். 2014-ல் நகர மறுசீரமைப்பு ஆணையம் லோரோங் 4-க்கும் 22-க்கும் இடையே, கேலாங் சாலைக்கும் கில்மர்ட் சாலைக்கும் நடுவிலுள்ள பகுதியை வீடமைப்பிலிருந்து வணிகப் பயன்பாட்டுக்கு மாற்ற முன்மொழிந்தது. அங்கே புதிய குடியிருப்புகள் பெருகுவதற்கு அது தடை. 2030-க்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பத்து நிமிட நடையில் ஒரு பூங்கா என்பது நாட்டின் பசுமைத் திட்டம். வீட்டைக் கணக்கில் கொள்ளும் இலக்கில், வீடு என்று பதிவாகாத அறைகள் எப்படிச் சேரும் என்ற கேள்வி லோரோங்குகளில் எழத்தான் செய்யும்.

அடுத்த பெரிய வெளி வடகிழக்கே காத்திருக்கிறது. காலாங்கை மூடியபோது அதற்குப் பதிலாக 1955-ல் திறந்தது பாயா லேபார் விமான நிலையம். பயணிகள் சாங்கிக்குப் போன பின் அது ஆகாயப் படைத் தளமாக இருக்கிறது. 2030-களில் தளம் வெளியேறும் என்றும், அதையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து ஏறக்குறைய 150,000 வீடுகள் கட்டலாம் என்றும் 2022 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார். மூன்றரைக் கிலோமீட்டருக்கும் நீளமான ஓடுபாதையை இடிக்காமல் நடுவில் பொதுவெளியாக விட்டு, இருபுறமும் குடியிருப்பு வைக்கலாம் என்ற யோசனையைத் திட்டக்காரர்கள் வெளியிட்டிருக்கிறார்கள். நிலம் இந்த முறை அரசுடையதே. கையகப்படுத்த மனைக்காரர் யாரும் இல்லை. அந்த வெளியில் எத்தனை அடி நூலகத்துக்கு, எத்தனை அடி நிழலுக்கு, எத்தனை அடி விற்பனைக்கு என்ற பேரம் இனிமேல்தான்.